ஒற்றை ஆளின் கலகம்: கண்காணிப்பு அரசைக் கதையாக எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடக்கும் வாசிப்புக் கூட்டங்களிலும் கல்லூரிக் கதைப் பட்டறைகளிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றையும் பார்க்கிற ஓர் அரசு, அதை எதிர்த்து நிற்கிற ஒரே ஓர் ஆள். இந்தக் கருவை எடுத்துக்கொண்டு பத்துப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் கேட்டவை இவை. கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

டிஸ்டோபியான்னா என்னங்க? உலகம் அழிஞ்சு போன கதையா?

உலகம் அழிவது வேறு வகைக் கதை. டிஸ்டோபியாவில் உலகம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். பஸ் நேரத்துக்கு வரும், ரேஷனில் அரிசி போடுவார்கள், தெருவிளக்கு எரியும். அந்த ஒழுங்குக்காக மனிதர்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் கதை.

ரஷ்யாவில் யெவ்கேனி ஸம்யாதின் 1920-21இல் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் வீடுகள் எல்லாம் கண்ணாடி, ஆட்களுக்குப் பெயருக்குப் பதில் எண். சன்னல் திரையை இறக்கிக்கொள்ள ஒரு சீட்டு வேண்டும். அந்த நாவல் 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. எழுதப்பட்ட நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருந்தது. பிறகு ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932), ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ (1949), ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953), மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) என்று இந்த வகை வளர்ந்தது. இந்த ஐந்தில் இரண்டையாவது படித்துவிட்டு எழுத உட்காருங்கள். படிக்காமல் எழுதுபவர்கள் 1949இலேயே எழுதி முடித்த கதையைத்தான் பெரும்பாலும் மறுபடி எழுதுகிறார்கள்.

சர்வாதிகாரம், முற்றதிகாரம் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குப் பிரிக்கணும்?

பிரிக்காவிட்டால் உங்கள் நாயகன் எதை மீறுகிறான் என்றே தெரியாமல் போகும். சர்வாதிகாரி உங்களை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வான். முற்றதிகார அரசுக்கு அது போதாது. வாயைத் திறந்து வாழ்த்த வேண்டும், அதையும் மனசாரச் செய்ய வேண்டும். முதலாவதில் கூட்டம் போட்டால்தான் குற்றம். இரண்டாவதில் கைதட்டல் முடிவதற்கு ஒரு நொடி முன்னால் கையைக் கீழே போடுவதே குற்றம்.

இங்கே 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடிநிலை இருந்தது. பத்திரிகைத் தணிக்கை, விசாரணையில்லாத சிறை எல்லாம் நடந்தன. சில நாளிதழ்கள் தலையங்கம் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்பைக் காட்டின. ஆனாலும் அடுப்படிப் பேச்சுவரை அரசின் காது நீளவில்லை. அதை எழுதினால் அடக்குமுறைக் கதை. அடுப்படிக்குள்ளும் காது முளைத்தால்தான் நாம் பேசுகிற கதை.

எல்லா எடத்துலயும் கேமரா வெச்சுட்டா போதும்ல? வேற என்ன வேணும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தெருக் கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. முப்பது நாளில் 1.3 டிபி. 2 டிபி வட்டு வைத்தால் ஒரு கேமராவுக்கு ஒன்றரை மாதம் தாங்கும், அப்புறம் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பதிந்ததை எல்லாம் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஏதாவது நடந்த பிறகு பின்னோக்கித் தேடத்தான் அது.

அந்தக் கேமராவை ஒருநாள் ராத்திரி கிட்டப் போய்ப் பாருங்கள். இருட்டில் பார்ப்பதற்காக அது அகச்சிவப்பு வெளிச்சம் வீசும். அதைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். ஒரு வாரத்தில் கண்ணாடிக்கு முன்னால் வலை கட்டிவிடும். பகலில் அந்த வலை கண்ணுக்கே தெரியாது. ராத்திரி அதே வெளிச்சம் பட்டுக் கேமராவின் படத்தில் வலை வெள்ளையாகப் பளீரென்று எரியும், அதற்குப் பின்னால் இருக்கிற தெரு கருப்பாகிவிடும். துடைக்க ஓர் ஆளும் ஏணியும் வேண்டும். அரசின் எல்லையற்ற கண் கடைசியில் ஓர் ஏணிக்காரரின் தினக்கூலியில் தொங்குகிறது. இந்தச் சிலந்தியை மறக்காதீர்கள், கடைசிக் கேள்வியில் மறுபடி வருகிறது.

கேமராவைவிட வலுவானது சந்தேகம். ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1791இல் வெளியிட்ட வட்டச்சிறைத் திட்டத்தில் நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததால் எப்போதும் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்வான். உங்கள் கதையில் கேமரா எத்தனை என்பதைவிட, பார்க்கிறார்களா இல்லையா என்று தெரியாத நேரத்தில் உங்கள் ஆள் என்ன செய்கிறார் என்பதை எழுதுங்கள்.

அப்ப யாரு பார்க்கிறாங்க? எத்தனை பேரு வேணும் அதுக்கு?

இதற்கு வரலாற்றில் எண்ணிக்கை இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்களை வைத்திருந்தது. ஊருக்குள் இருந்தபடி தகவல் சொன்னவர்கள் சுமார் 1,89,000. மக்கள்தொகை சுமார் 1.64 கோடி. அதாவது 180 பேருக்கு ஒரு முழுநேர ஆள், 87 பேருக்கு ஓர் உளவாளி. அவர்கள் விட்டுப்போன கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர். சந்தேகப்பட்டவர்களின் உடல் வாசனையைத் துணியில் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருந்தார்கள், நாய்க்கு மோப்பம் கொடுக்க.

இந்த விகிதத்தை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்ட மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அதற்கு 8,300 முழுநேர ஆட்களும் 17,000 உளவாளிகளும் ஆகும். பாலக்கோடு பக்கம் 1,200 பேர் வாழ்கிற ஒரு கிராமத்தில் ஆறேழு அதிகாரிகள், பதினாலு உளவாளிகள். இப்போது அந்தப் பதினாலு பேரைப் பெயர் போட்டு எழுதிப் பாருங்கள். டீக்கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், பூசாரி வீடு, மருந்துக்கடை என்று வைத்துக்கொண்டே போனால் பத்தாவது பெயருக்கு மேல் நல்லவர்களைப் போட வேண்டி வரும். கதை அங்கேதான் பிடிக்கும்.

என் ஹீரோ எதுக்குக் கலகம் பண்றான்னு எனக்கே தெரியல சார். சுதந்திரத்துக்குன்னு எழுதினா பொய்யாத் தெரியுது.

பொய்யாகத் தெரிந்ததே நல்ல அறிகுறி. ‘சுதந்திரம்’ என்ற வார்த்தையையே அரசு எடுத்துத் தன் சுவரில் எழுதிக்கொண்டிருக்கும் உலகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வேண்டும் என்று தோன்றாது. அவனுக்கு வேண்டியது சின்னது, கையில் பிடிக்கிற மாதிரியானது. செத்துப்போன அப்பாவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும். அம்மா பாடிய தாலாட்டில் ஒரு வரி மறந்துபோயிற்று, அது தெரிந்த கிழவி தடை போட்ட ஊரில் இருக்கிறாள். அந்தச் சின்ன ஆசைக்கும் அரசின் விதிக்கும் நடுவே வழி இல்லாதபடி இறுக்கிக் கட்டுங்கள். கலகம் தானாக வரும்.

இன்னொன்று: ஆசை மட்டும் போதாது, ஓட்டையும் வேண்டும். முழுக்க இறுகிய அரசில் ஆசை மனசுக்குள்ளேயே செத்துவிடும். எங்கோ ஒரு மூலையில் கண் எட்டவில்லை என்று தெரியும்போதுதான் ஆசை கைக்கும் காலுக்கும் இறங்குகிறது.

டைரி எழுதுறதெல்லாம் ஒரு கலகமா? குண்டு வெச்சாத்தானே கலகம்?

ஆர்வெல்லின் நாவலைக் கிட்ட வைத்துப் படியுங்கள். நாயகன் வின்ஸ்டனின் அறையில் டெலிஸ்கிரீன், அதாவது படம் காட்டிக்கொண்டே ஆளையும் கவனிக்கிற திரை, வழக்கம்போல அறைக்கோடிச் சுவரில் இல்லாமல் சன்னலுக்கு எதிரே நீளச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதனால் பக்கத்தில் ஒரு மாடக்குழி அதன் பார்வைக்கு எட்டாமல் தப்புகிறது. அங்கே உட்கார்ந்தால் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. முதல் ஓட்டை அது. பழைய பொருள் கடையில் வாங்கிய ஒரு வெற்று நோட்டு இரண்டாவது. மாடக்குழியும் நோட்டும் சேர்ந்த இடத்தில் நாவல் தொடங்கிவிடுகிறது. அந்த மூலையும் அந்த நோட்டும்தான் எழுதும் எண்ணத்தைக் கொடுத்தன என்று ஆர்வெல் சொல்கிறார்.

குண்டு வைப்பவனை அரசுக்குப் புரியும். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு நினைவை வைத்திருப்பவனைத்தான் அதனால் பொறுக்க முடியாது, ஏனென்றால் நேற்று என்ன நடந்தது என்பதை அது தினமும் திருத்திக்கொண்டிருக்கிறது. டைரி அந்தத் திருத்தத்துக்கு எதிரான சாட்சி. கதையில் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள்: அந்தப் பொருள் அரசின் எந்தப் பொய்யைப் பொய்யென்று காட்டுகிறது? பதில் இல்லாவிட்டால் வேறு பொருள் எடுங்கள்.

நம்ம ஊர்ல வெச்சு எழுதணும். ஓட்டைய எங்கேன்னு தேடுறது?

ஊர் தெரிந்தவருக்கு நிறையக் கிடைக்கும். சிலவற்றைச் சொல்கிறோம்.

மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவதை முதல் நாளே பேப்பரில் ஊர்ப் பெயரோடு போடுவார்கள். கேமராவின் சின்ன பேட்டரி ஓரிரு மணி நேரம் தாங்கும், மிச்ச நேரம் குருடு. அட்டவணை போட்டு அறிவிக்கப்படும் ஓட்டை இது. கலகக்காரருக்குத் தெரியும் என்றால் அரசுக்கும் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

கைரேகை. கல்குவாரியிலும் வயலிலும் வருஷக்கணக்கில் வேலை செய்தவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பும். கதையில் இது இருபுறமும் வெட்டும் கத்தி. அரசால் அடையாளம் காண முடியாத பெண் அவள், அதே காரணத்தால் அரிசி கிடைக்காத பெண்ணும் அவளே. இவ்வளவு நல்ல ஓட்டையை நகரத்து எழுத்தாளர் யோசித்திருக்க மாட்டார்.

மொழி. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று ஒரே வாக்கியத்துக்குள் மூன்றும் கலந்து ஓடும். ஒற்றை மொழிக்குப் பழக்கிய கேட்கும் இயந்திரம் அங்கே தடுமாறும். மாம்பழப் பருவம். மே முதல் ஜூலைவரை கிருஷ்ணகிரி மண்டிகளிலும் மாங்கூழ் ஆலைகளிலும் வெளியூர் ஆட்கள் குவிவார்கள், தலைக்கணக்கு ஒத்துவராது. சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலையும் காடுமான இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

எந்த ஓட்டையை எடுத்தாலும் மூன்றுக்குப் பதில் எழுதி வையுங்கள்: அது ஏன் இருக்கிறது, வேறு யாருக்குத் தெரியும், எப்போது அடைபடும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை போன். நாயகன் போனை அணைத்துவிட்டு மாயமாகிவிட்டதாக எழுதுகிறார்கள். ஊரில் எல்லார் போனும் எரியும்போது அணைந்த ஒரு போன்தான் கண்ணில் படும். போனை வீட்டில் பாட்டுப் பாட விட்டுவிட்டு ஆள் மட்டும் போவதாக எழுதினால் நம்பலாம். அப்போதும் பாட்டை மாற்ற வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் யார்?

எல்லாமே கேட்டுக்கிட்டு இருக்கும்போது ரெண்டு பேரு எப்படிங்க பேசிக்குவாங்க?

இதற்கு வெளியூர் போக வேண்டாம். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவை குத்திக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேட்டால் புகழ்ச்சி. புரிந்தால் எச்சரிக்கை. அரசனின் முகத்துக்கு நேரே, அவன் கோபப்பட முடியாதபடி சொல்லப்பட்டது. நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுவே. ராஜா வேஷத்துக்கு முன்னால் நின்று ஊர்ப் பிரச்சினையை நக்கலாக அவிழ்த்துவிடுவான், கேட்டால் கூத்து.

உரையாடலை இப்படி எழுதிப் பழகுங்கள். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் இரண்டு பேர்: “பாதிப் புழு கூடே கட்டலைங்கண்ணா.” “தட்டு மாத்தினியா?” “மாத்திட்டேன். நோயே பழைய தட்டுலதான் இருந்துருக்கு.” கேட்கிற அதிகாரிக்கு இது பட்டுப்புழுப் பேச்சு. அண்ணனுக்குத் தெரிகிற செய்தி வேறு: பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள், கூடும் இடத்தை மாற்றியாயிற்று, உளவாளி பழைய இடத்தில்தான் இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு அர்த்தத்தையும் பென்சிலில் எழுதிவிட்டுப் பிறகு அழியுங்கள். எங்காவது ஓர் அர்த்தம் மட்டும் இருந்தால் அந்த வரி செத்த வரி.

இது உடைவதும் பேச்சில் அல்ல, பதிவேட்டில். பாதிப் புழு கட்டவில்லை என்றவன் அன்றைக்கு முழு எடைக்கும் ஏலச்சீட்டு வாங்கியிருந்தால் மாட்டினான். அதிகாரி ஒட்டுக்கேட்டதையும் எடைச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற ஒரு காட்சி, நூறு துரத்தலுக்குச் சமம்.

காட்டிக்கொடுக்கிறவன வில்லனா காட்டணுமா?

வேண்டாம். முன்னே சொன்ன பதினாலு பேரையும் திரும்பப் பாருங்கள். ஒருவருக்கு மகன் வேலை, ஒருவருக்கு மாத்திரை, ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால் தன்னைச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். இந்தக் கடைசிப் பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய இயந்திரம். ஆர்வெல்லின் நாவலில் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸைப் பிடித்துக்கொடுப்பது அவருடைய ஏழு வயது மகள், தூக்கத்தில் அப்பா உளறியதைக் கேட்டு. அவரோ மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார். புத்தகம் வைத்திருப்பதே குற்றமான பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’இல், ஒளித்து வைத்திருக்கும் நாயகன் மாண்டாக்கைப் புகார் செய்பவர்களில் அவன் மனைவியும் உண்டு.

உளவு அமைப்பின் நுட்பத்துக்குத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைப் படியுங்கள். ‘ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்’ என்கிறது 589ஆம் குறள். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பலாம். இதைக் கதையில் வைத்தால் என்ன ஆகும்? பதினாலு பேரில் ஒவ்வொருவரும் மிச்சப் பதின்மூன்று பேருக்கும் பயந்து வாழ்வார்கள். கலகக்காரருக்கும் இதில் ஒரு வழி திறக்கிறது. மூன்று பேரிடம் மூன்று வேறு கதை சொன்னால் எதுவும் ஒத்துவராது, மேலிடம் சில நாள் தயங்கும். அந்தச் சில நாள்தான் அவருக்குக் கிடைக்கும் மொத்த அவகாசம்.

பொண்ண மையமா வெச்சு எழுதினா என்ன மாறும்?

கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது என்பது மாறும். ஆண் கதையில் அரசு வந்த பிறகுதான் கண் வருகிறது. கிராமத்துப் பெண்ணுக்கு அது பிறந்ததிலிருந்து இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தாள், யார் வண்டியில் இறங்கினாள் என்று தெரு கணக்கு வைத்திருக்கிறது. அரசு புதிதாக ஆள் போட வேண்டியதில்லை, அந்தத் தெருவைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டால் போதும்.

நல்லதற்காக வந்த பதிவு எப்படித் திரும்பும் என்பதையும் இங்கே எழுதலாம். தமிழ்நாட்டில் கர்ப்பமானதும் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். தாய் சேய் உயிரைக் காக்க அது உதவுகிறது, அதை வில்லத்தனமாகக் காட்டினால் பொய்யாகிவிடும். அதே பதிவேட்டை வேறோர் அரசு கையில் எடுத்தால் என்ன கேட்கும் என்பதுதான் கேள்வி. அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ பெண்ணின் கருப்பையை அரசுடைமையாக்கிய கதை. மனிதர்கள் வரலாற்றில் எங்காவது செய்திராத எதையும் அதில் சேர்க்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த விதியை உங்கள் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

நிஜமா இருக்கிற திட்டத்தோட பேரையே போடலாமா?

போடலாம், தப்பாகப் போடாதீர்கள். அடையாள எண், சுங்கச்சாவடி ஸ்டிக்கர், முகம் அறியும் கேமரா ஒவ்வொன்றும் உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டாக், கிருஷ்ணகிரி சாவடியை எந்த வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்று சொல்லும். உள்ளே யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லாது. இந்த இடைவெளியே ஒரு கதை.

நிஜ நாட்டில் இதற்கெல்லாம் எல்லை பேசப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. உங்கள் கதையுலகத்தில் அந்தத் தீர்ப்பு என்ன ஆனது? ரத்தானதா, மறக்கப்பட்டதா, பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலே அரசு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்ற முன்கதை பாதி தயார்.

ஏன் எல்லாக் கதையிலயும் தோத்தே போறாங்க? ஜெயிக்கிற மாதிரி எழுதக் கூடாதா?

கண்ணகியை நினைத்துப் பாருங்கள். தனி ஆள், கையில் ஒற்றைச் சிலம்பு, நேரே அரசவை. அவள் வென்றதற்குச் சிலம்பு மட்டும் காரணம் இல்லை. ‘யானோ அரசன்? யானே கள்வன்’ என்று சொல்லி உயிர்விட ஒரு பாண்டியன் அங்கே இருந்தான். அவனுக்கு வெட்கம் இருந்தது. முற்றதிகார அரசு எந்த நாளும் அந்த வரியைச் சொல்லாது. சிலம்பை உடைத்துக் காட்டினால், அது எப்போதும் முத்துச் சிலம்பாகவே இருந்தது என்று பதிவேட்டைத் திருத்தி வைக்கும். ஆதாரம் காட்டி வெல்லும் கதையை அதனால்தான் இங்கே எழுத முடிவதில்லை.

தோல்வியிலும் வகை உண்டு. ஸம்யாதினின் நாயகனுக்குக் கற்பனையை அறுத்தெடுக்கிறார்கள், அவன் நிம்மதியாகிவிடுகிறான். மாண்டாக் ஆற்றில் இறங்கித் தப்புகிறான். ஆனால் நேரலையில் முடிவு காட்டியாக வேண்டுமே என்று அரசு தெருவில் நடந்துபோன யாரோ ஒருவனைக் கொன்று அவன்தான் என்கிறது. அட்வுட்டின் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது, அவள் பேசிய ஒலிநாடாக்கள் மட்டும் அந்த அரசு போன பிறகும் மிஞ்சுகின்றன. எங்களுக்கு இதுவே பிடித்த முடிவு. ஆள் தோற்று, சாட்சி மிஞ்சுகிறது.

நிஜத்துல ஊரே சேர்ந்துதானே ஜெயிக்குது. தனி ஆளைப் பத்தி எழுதுறதே தப்பில்லையா?

இதைக் கேட்டவர் அரூர்க்காரர், அவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி கிராமத்தில் சந்தனமரச் சோதனை என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு நடந்து, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்.

அந்தப் பெண்களின் துயரத்தைக் கதைக்குச் சரக்காக எடுக்காதீர்கள். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது சாட்சி எப்படி நிற்கிறது என்பதை. ஒருத்தி தனியாகச் சொன்னால் பொய் என்று தள்ளலாம். பலர் சொல்வது வருஷங்கள் கடந்தும் ஒத்துப்போனால் தள்ள முடியாது. உடன்மூவர் சொல் ஒத்தால் தேறலாம் என்று அரசுக்குச் சொன்ன குறள், இங்கே அரசுக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. டிஸ்டோபியா தனி ஆளை எடுப்பது, அவர் வெல்வார் என்பதற்காக இல்லை. மூன்று பேர் சேர முடியாதபடி மனிதர்களைப் பிரித்துவைத்த உலகம் எப்படி இருக்கும் என்று காட்டத்தான். உங்கள் நாயகன் கதை முழுக்கத் தேட வேண்டியதும் அந்த இரண்டாவது ஆளைத்தான்.

சரி, வேலைய எப்படி ஆரம்பிக்கிறது? வரிசையா சொல்லுங்க.

முதலில் ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நாயகனைப் பற்றி அரசுக்குத் தெரிந்தது, வலப்பக்கம் தெரியாதது, ஒவ்வொன்றுக்கும் தேதி. வலப்பக்கம் இருந்த ஒன்று இடப்பக்கம் தாண்டும் ஒவ்வொரு நாளும் ஒரு காட்சி. அப்படி ஐந்தாறு தாண்டல் கிடைத்தால் சிறுகதைக்குப் போதும்.

ஐயாயிரம் சொல் கதைக்கு ஓர் ஓட்டை, ஒரு பொருள், முகம் காட்டும் ஓர் உளவாளி, அதிகம் போனால் இரண்டு தொழில்நுட்பம். மூன்றாவது கருவி வந்தால் கதை அரசின் விளம்பரக் கையேடாகிவிடும். முதல் பக்கத்தில் அரசை விளக்காதீர்கள். உங்கள் ஆள் காலையில் எழுந்து எதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதினால் வாசகருக்குத் தெரிந்துவிடும். தலைவரின் முகத்தையும் காட்ட வேண்டாம். கூட்டுறவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிற, நம்மிடம் சிரித்துப் பேசுகிற ஒருவர் போதும்.

ஓட்டையவே அரசுதான் வேணும்னு விட்டு வெச்சிருக்குன்னா?

இந்த வகையின் மிகக் கடினமான திருப்பம் இது. ஆர்வெல் செய்திருக்கிறார். வின்ஸ்டன் யாராவது தொட்டால் தெரியட்டும் என்று டைரியின் அட்டை மேல் ஒரு வெண்மையான தூசித் துணுக்கை வைத்துவிட்டுப் போவான்.  கடைசியில் சிறையில்தான் தெரிகிறது, அவர்கள் டைரியைப் படித்துவிட்டு அந்தத் துணுக்கையும் பத்திரமாக அதே இடத்தில் திரும்ப வைத்திருந்தார்கள். ஏழு வருஷமாக அவனைக் கவனித்துவந்தார்கள். நோட்டு வாங்கிய கடைக்காரரே அவர்களுடைய ஆள்.

இதைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று அவிழ்த்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். தடயம் முதலிலிருந்தே கண் முன்னால் கிடக்க வேண்டும், வேறு ஏதோ மாதிரி. மூன்றாவது கேள்வியில் சொன்ன சிலந்தி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணிக்காரர் மாதத்தின் முதல் வாரம் தெருவில் எல்லாக் கேமராவையும் துடைப்பார் என்று இரண்டாம் பக்கத்தில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். நாயகி புளியமரத்தடிக் கேமராவில் மட்டும் வலை இருப்பதைக் கண்டு, அதன் கீழே சந்திக்கத் தொடங்குகிறாள். தை, மாசி, பங்குனி. ஏணி வருகிறது, போகிறது. மற்ற கேமராக்கள் பளிச்சென்று இருக்கின்றன. அந்த ஒன்றில் வலை தடித்துக்கொண்டே போகிறது, அவளுக்குச் சந்தோஷம். ஏணிக்காரர் ஏன் அதைத் தொடுவதில்லை என்று கதையில் யாரும் கேட்கக் கூடாது.